பலாப் பிசின் பூசிய விசை

அமீது அண்ணன் கடை வாசல் தூணில் என் துப்பாக்கி வானத்தைப் பார்த்தபடி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதன் விசையில் ஒரு கம்பிக் கொக்கி. கொக்கியில் ஒரு மூங்கில் கூடை. கூடையில் கருவாடு.

துப்பாக்கிக்குள் குண்டு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசகர்களில் யாராவது ஒருவர் பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் போட்டு என் உயிரை வாங்குவார்.

மலாயாவில், எங்கள் டவுனின் சூலியா தெருவில் காலை நேரம். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டியை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். பாசாருக்குப் போய்த் திரும்பிய நோன்யா அம்மாள், மலாய் பேசும் சீனப் பெண் ஒருத்தி, கூடையை முகர்ந்து பார்த்துக் கருவாடு என்ன விலை என்று கேட்டாள். இது விற்பதற்கு இல்லை, துப்பாக்கி தின்பதற்கு என்று அமீது அண்ணன் மலாயில் சொன்னார். அந்த அம்மாள் துப்பாக்கியைப் பார்த்தாள், பிறகு காக்கிக் கால்சட்டையில் நின்ற என்னைப் பார்த்தாள். பெற்ற தாய் கூட என்னை அவ்வளவு பரிதாபமாகப் பார்த்ததில்லை.

"தம்பி சூசை, கவலைப்படாதே லா. இன்னும் ரெண்டு தேய்ப்பு. அப்புறம் பாரு, உன் துப்பாக்கி வெண்ணெய் மாதிரி விடும்" என்றார் அமீது அண்ணன், கையில் அரத்தோடு.

நான் கவலைப்பட்டேன். எனக்கு அந்த வாரம் கவலைப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

கண்ணை மூடிச் சுடுகிறவன்

ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்து கிடந்த காலம் அது. கடற்கரையோரம் இருந்த ஒரு ஏஜென்சி ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலுக்குச் சரக்கு அனுப்புவதும் தோட்டங்களை மேற்பார்வை பார்ப்பதும் எங்கள் கம்பெனியின் தொழில். எங்கள் பெரிய துரைக்கு இரண்டு காதல். ஒன்று விஸ்கி. மற்றொன்று துப்பாக்கி.

அவர் தொண்டர் படையில் கேப்டன். ஆகவே அவருக்குக் கீழே இருந்த கிராணிகளும் தொண்டர் படையில் சேர்ந்தோம். நாட்டுப்பற்றா, அரசபக்தியா என்றெல்லாம் கேட்காதீர்கள். துரை படிவத்தை மேசையில் வைத்தார், நாங்கள் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். காக்கி உடுப்பு வந்தது. என் காலைவிட ஒரு சாண் பெரிய பூட்ஸ் வந்தது. வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று ஒரு பழைய துப்பாக்கியும் வந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒவ்வொரு முறையும் இழுத்து, தள்ளி, மடக்க வேண்டிய ரகம்.

துப்பாக்கிக்கு வயது என்னைவிட அதிகம். அதன் விசை அசைவதற்கு ஒரு மாட்டைப் பூட்ட வேண்டும் போலிருக்கும். இழுக்க இழுக்க என் பல் கடிபடும், தோள் மேலே ஏறும், கண் தானாக மூடிக்கொள்ளும். 'இதோ வெடிக்கப் போகிறது, இதோ தோளில் உதைக்கப் போகிறது' என்று உடம்பு முன்கூட்டியே பயந்துகொள்ளும். வெடிக்கும் அந்த நொடியில் நான் துள்ளுவேன். குண்டு மலைக்குப் போகும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வெடிச் சத்தம் ஆகாது. சீனப் புது வருஷத்துக்கு எங்கள் தெருவே பட்டாசுப் புகையில் மூழ்கிக் கிடக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில் கிடப்பேன். அந்தப் பத்து நாளும் அம்மா எனக்குச் சோற்றைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

இதெல்லாம் வெறும் சிரிப்பாகவே போயிருக்கும், நிபோங் திபால் பேச்சு வராமல் இருந்திருந்தால்.

டவுனில் இருக்க ஒரு வழி

நிபோங் திபாலில் ஆற்றோரமாக எங்கள் கம்பெனிக்கு ஒரு கிடங்கும் அதை ஒட்டி ஒரு தோட்டமும் இருந்தன. அங்கிருந்த கிராணி காய்ச்சலில் விழுந்து ஊருக்கே கப்பலேறிவிட்டார். அவருடைய இடத்துக்கு டவுனிலிருந்து ஒரு ஆள் போக வேண்டும். ஆபீசில் எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினோம்.

இப்போது நிபோங் திபால் நல்ல ஊர்தான். அந்த ஊர்க்காரர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். அப்போது அங்கே சேறு, கொசு, ஆறு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. டாக்டர் வேண்டுமென்றால் ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

என் மனைவி லூர்து அப்போது ஏழு மாதம். எங்களுக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை புக்கிட் தெங்கா பக்கத்துத் தோட்டத்தில், அவளுடைய அண்ணன் வீட்டில் பிறந்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஆண் பிள்ளை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நிபோங் திபால் என்ற பேச்சைக் கேட்ட அன்று லூர்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தப் புள்ள டவுன் ஆஸ்பத்திரியிலதான் பொறக்கணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது. துரை கால்ல விழுவீங்களோ, தலையில நிப்பீங்களோ. நான் ஆத்தைத் தாண்டி வரமாட்டேன்."

துரையின் காலில் விழத் தேவையிருக்கவில்லை. அவரே ஒரு வழி வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆபீசுகளுக்கிடையே நடக்கும் துப்பாக்கிச் சுடும் போட்டியில் அந்தக் கோப்பையை அவர் ஒருமுறை கூடத் தொட்டதில்லை. அந்த ஏக்கத்தில் ஒரு நாள் எங்களை வரிசையாக நிறுத்தினார். தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. அதில் மரியாதை என்ற சாமானே கிடையாது.

"கேளு மேன். நாலு ஆளு டீம். டீம்ல இருக்கிற ஆளு டவுன்ல இருக்கும். டீம்ல இல்லாத ஆளுல ஒருத்தன் நிபோங் திபால் போகும். புரிஞ்சிச்சா?"

புரிந்தது. மூன்று பேர் நன்றாகச் சுடுவார்கள். நாலாவது இடத்துக்கு நானும் இன்னும் இரண்டு பேரும். நான் அதுவரை இலக்குப் பலகையைத் தொட்டதே இல்லை.

இரண்டு முறை மாற்றிய கணக்கு

அமீது அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம். தராசும் தாச்சிங்கும் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். தாச்சிங் என்றால் பாசாரில் மீன்காரர்கள் தூக்கிப் பிடிக்கும் நிறைகோல். கோலில் குண்டை நகர்த்தி நிறுப்பார்கள். கூடவே பூட்டு, கிராமபோன், தையல் மெஷின், குடைக் கம்பி, எது கொடுத்தாலும் கை வைப்பார். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மூன்று குடும்பங்களின் கடிகாரங்கள் அவர் கடைக்குப் போய்த் திரும்பாமல் இருந்தன.

ஆனால் எனக்கு ஆபத்துக்கு ஓடிவரும் மனுஷன் அவர்தான்.

"விசை கனமா இருக்கு. அதான் உனக்கு மேலு ஆடுது. கனத்தைக் கொறைச்சா போச்சு. எவ்வளவு வேணும், சொல்லு" என்றார்.

அதற்குப் படையில் ஒரு சட்டம் இருந்தது. ரொம்ப லேசாக வைத்துக்கொண்டு யாரும் ஜெயித்துவிடக் கூடாது. போட்டி அன்று சார்ஜென்ட் ஒரு இரும்புக் குண்டை விசையில் மாட்டித் துப்பாக்கியைத் தூக்குவார். நாலு ராத்தல். அதைத் தாங்கி நின்றால் சரி. 'டிக்' என்று விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியும் அதற்குச் சொந்தக்காரனும் வெளியே.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வெள்ளைக்காரனின் ராத்தல் செல்லாது. காட்டிதான். மூன்று காட்டி என்பது நாலு ராத்தல். இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆகவே நான் பொறுப்பாக வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போய், "மூணு" என்று சொன்னேன்.

அமீது அண்ணனும் பொறுப்பானவர். நான் ஆபீஸ்காரன், வெள்ளைக்காரன் சட்டத்தைச் சொல்கிறேன், அதனால் ராத்தலில்தான் சொல்லியிருப்பேன் என்று அவரே முடிவு செய்துகொண்டு, அந்த மூன்றைத் தன் பங்குக்கு மறுபடியும் காட்டியாக மாற்றினார். இரண்டேகால் வந்தது. இரண்டேகால் காட்டிக் கருவாட்டைத் தாச்சிங்கில் சரியாக நிறுத்துக் கூடையில் போட்டு விசையில் மாட்டினார். இதுதான் நீங்கள் முதலில் பார்த்த காட்சி.

விசை அசையவில்லை. துப்பாக்கியை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய், இரும்பும் இரும்பும் உரசும் இடத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து மறுபடி மாட்டினார். அசையவில்லை. மறுபடி உள்ளே. இப்படி அவர் போவதும் வருவதுமாக இருந்தபோது, கூடை வாசலில் தரையில் இருந்தது. பக்கத்துக் கருவாட்டுக் கடைப் பூனையும் வாசலில்தான் இருந்தது.

பூனையை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அது அங்கே எந்நேரமும் இருக்கும் பூனை. யார் அதைக் கவனிக்கிறார்கள்? அண்ணன் தேய்க்கத் தேய்க்க அதுவும் தன் பங்குக்குத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் 'டிக்' என்று விசை விட்டபோது அண்ணன் "அல்ஹம்துலில்லா" என்று அரத்தை முத்தமிட்டார். கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். தலைகளும் வால்களும் இருந்தன.

வீட்டுக்குள் மௌன விரதம்

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைத்தேன். காலித் துப்பாக்கிதான், பழகுவதற்காக இழுத்து மடக்கி வைத்திருந்தேன். லூர்து சமையலறையில் ஒரு மூடியைக் கீழே போட்டாள்.

டிக்.

மறுபடி மடக்கி வைத்தேன். மாடிப்படியில் பால்காரர் ஏறி வந்தார்.

டிக்.

லூர்து தும்மினாள். டிக். நான் பெருமூச்சு விட்டேன். டிக். அடப் பாவி மனுஷா, வெண்ணெய் மாதிரி விடும் என்றாயே, இது பார்த்தாலே விடுகிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"என்னங்க இது, என்னைவிட ரோஷக்காரியா இருக்கா? ஒரு வார்த்தை சொல்ல முடியலையே" என்றாள் லூர்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு ராத்தல் குண்டு எங்கே, இது எங்கே? போட்டிக்கு முந்திய தேர்விலேயே சார்ஜென்ட் குண்டை மாட்டுவார். டிக் என்னும். நிபோங் திபாலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். லூர்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குருவி பிடிக்கிற பிசின்

அமீது அண்ணன் கொஞ்சமும் கலங்கவில்லை.

"தேய்ச்சதை ஒட்டவைக்க முடியாது தம்பி. ஆனா ஓடுறதைப் பிடிச்சு வைக்கலாம் லா."

கம்போங் என்கிற மலாய்க் கிராமங்களில் பையன்கள் பலாமரத்துப் பாலைக் காய்ச்சிக் குச்சியில் பூசிக் குருவி பிடிப்பார்கள். தொட்டால் போதும், கையும் காலும் ஒட்டிக்கொள்ளும். கெலுகோரில் அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய அந்தப் பிசினை வாங்கி வந்தார். விசைக்குள் விட்டார். உள்ளே என்னென்ன இருந்ததோ அத்தனைக்கும் பூசினார்.

ஒரு நாள் ஊறவைத்துவிட்டுச் சோதித்தோம். இந்த முறை நாலு ராத்தல் எடைக் குண்டை நானே நிறுத்தேன், பூனையைக் கடைக்குள் பூட்டிவிட்டு. விசை குண்டைத் தாங்கியது. ஆட்டிப் பார்த்தோம், தாங்கியது. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போது நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. குண்டைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். டீ பாதியில் இருக்கும்போது கடை வாசலிலிருந்து 'டிக்' என்று கேட்டது.

அதாவது பிசின் பிடித்தது உண்மை. ஆனால் அது மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே வந்து, தனக்குத் தோன்றிய நேரத்தில் விட்டது. அடுத்த முறை டீ முடிந்து கிளாசைக் கழுவிய பிறகு விட்டது. அதற்கடுத்த முறை உடனே. அதன் மனசு அதற்கே வெளிச்சம்.

"சார்ஜென்ட் டீ குடிக்கப் போக மாட்டார்ல? அப்போ சரிதான்" என்றார் அண்ணன்.

என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்

தேர்வும் போட்டியும் ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடியில் இருந்த சுடுகளத்தில் நடந்தன. போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வில் நடந்ததைச் சொன்னாலே போதும், அதேதான் அது.

சார்ஜென்ட் இரும்புக் குண்டை மாட்டித் தூக்கினார். தாங்கியது. முகர்ந்து பார்த்தார். "இங்கே யார் பலாப்பழம் தின்றது?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றோம்.

சாக்கின்மேல் குப்புறப் படுத்தேன். தூறிக்கொண்டிருந்தது. விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. வழக்கம்போலக் கண்ணை இறுக்கி மூடினேன், பல்லைக் கடித்தேன். வெடிக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் பயந்துகொண்டே இருப்பது? பயத்துக்கும் அலுத்துப்போகும். பல்லை விட்டேன், கண்ணைத் திறந்தேன். துப்பாக்கி கெட்டுப்போய்விட்டது, யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தபடி இலக்கைச் சும்மா பார்த்துக்கொண்டு விரலை அழுத்தியே வைத்திருந்தேன்.

டமார்.

யார் சுட்டது என்று பக்கத்தில் பார்த்தேன். தூரத்தில் பாக் மாட் வெள்ளைத் தட்டைத் தூக்கி இலக்கின் நட்ட நடுவில் வைத்தார். பாக் மாட் என்பவர் இலக்குகளுக்கு அடியில் பள்ளத்தில் இருந்துகொண்டு எங்கே பட்டது என்று காட்டும் மலாய்க்காரர். வெள்ளைத் தட்டு என்றால் நடு மையம். படவே இல்லையென்றால் சிவப்புக் கொடி ஆட்டுவார். அதுவரை எனக்கு அவர் கொடியைத்தான் தெரியும்.

இரண்டாவது குண்டின்போது லூர்து புளி வாங்கிவரச் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். மையம். மூன்றாவதின்போது முழங்கையில் எறும்பு ஊர்ந்தது. மையம். அடுத்ததற்கு அண்ணன் கடையில் சிக்கியிருக்கும் மாமனாரின் கடிகாரத்தை எப்படி மீட்பது என்ற யோசனை. மையம். எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியாததால் என் உடம்புக்குத் துள்ள நேரமே கிடைக்கவில்லை, ஐயா! இதுதான் ரகசியம். இதற்குமேல் ஒன்றுமில்லை.

இப்படித்தான் நாலாவது ஆளாக நுழைந்தேன், போட்டியிலும் இதே கதைதான். எங்கள் ஆபீஸ் கோப்பையை வென்றது. அதிலும் நான்தான் முதல். துரை என்னைத் தூக்கிச் சுற்றினார். விஸ்கி வாசனையில் எனக்கே தலை சுற்றியது. வீட்டுக்கு ஓடி லூர்திடம் சொன்னேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இனி பயமில்லல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்றேன்.

பன்றிகளுக்கு ஆள் தேவை

திங்கட்கிழமை துரை கூப்பிட்டார். மேசையில் கோப்பை பளபளத்தது.

"சூசை. நிபோங் திபால் தோட்டத்துல காட்டுப் பன்னி நிறைய. சின்ன ரப்பர் கன்னு எல்லாம் தின்னுது. அங்கே நல்லா சுடுற ஆளு வேணும். நீதான் பெஸ்ட். அடுத்த வாரம் போ."

"துரை, டீம்ல இருக்கிற ஆளு டவுன்லதானே…"

"போட்டி முடிஞ்சிச்சு மேன். அடுத்த வருஷம் போட்டிக்கு வா. இப்போ பன்னியைச் சுடு."

எனக்குச் சுடத் தெரியாது என்றேன். தன்னடக்கம் என்று முதுகில் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் நான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்து, இந்தியாக்காரர்கள்தான் எவ்வளவு பணிவானவர்கள் என்று அடுத்த அறைத் துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தார். என் துப்பாக்கியைக் காட்டி நிரூபிக்கலாமென்றால், சார்ஜென்ட் அதை வருஷாந்தரப் பழுதுக்கு வாங்கிப்போய் உள்ளே இருந்ததையெல்லாம் புதிதாக மாற்றிவிட்டார். அமீது அண்ணன் எனக்காகப் பேசப் போனார். கோப்பை ஜெயித்தவன்மேல் பொறாமைப்படாதே என்று அவரைத் துரை விரட்டிவிட்டார்.

பிஸ்கட் டின்னோடு வீட்டுக்குப் போனேன். லூர்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். அழுது முடித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வாயால சொன்னா அந்த ஆளு நம்பமாட்டாரு. சுட்டுத்தான் காட்டணும். ஒழுங்கான துப்பாக்கியக் குடுத்தா நீங்க கெடுத்துருவீங்கல்ல?"

"நிச்சயமாக் கெடுத்துருவேன்."

"அப்பப் போய்க் கெடுத்துட்டு வாங்க."

சிவப்புக் கொடி

துரையிடம் ஒரு சொந்தத் துப்பாக்கி இருந்தது. சீமையில் செய்து, சீமையிலேயே விசையைச் சரிபண்ணி வந்தது. கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல விடும் என்று அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொல்வார். நிபோங் திபால் போகுமுன் அதில் ஒருமுறை சுட ஆசை என்றேன். குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம், அவரும் நானும், பள்ளத்தில் பாக் மாட்டும் மட்டும். ஐந்து குண்டு.

படுத்தேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் குறி தவற வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். உடனே பயம் பிடித்தது. வேண்டுமென்றே தப்பாகப் பிடித்தால் துரை கண்டுபிடித்துவிடுவார். நேராகப் பிடித்து, தவறுதலாகப் பட்டுவிட்டால்? என் அதிர்ஷ்டம்தான் எனக்குத் தெரியுமே. நேராகவே பிடித்தேன். இனி எல்லாம் என் உடம்பின் கையில்.

உடம்பு என்னைக் கைவிடவில்லை. விசை அவ்வளவு சுத்தம், எப்போது விடும் என்று விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. கண் மூடியது, தோள் துள்ளியது. தூரத்தில் சிவப்புக் கொடி ஆடியது.

"காத்து" என்றார் துரை.

இரண்டாவது. இலக்கின் எண் எழுதிய பலகை இரண்டாகப் பிளந்து விழுந்தது. சிவப்புக் கொடி. மூன்றாவது எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிவப்புக் கொடி. எனக்குள் பாட்டே கிளம்பிவிட்டது.

நாலாவது சுட்டேன். கொடி வரவில்லை. வெள்ளைத் தட்டு மெல்ல மேலே எழும்பி நட்ட நடு மையத்தில் போய் நின்றது.

"ஆ!" என்று துரை தொடையைத் தட்டினார். "இதுதான் என் சூசை!"

எழுந்து நின்று கத்தினேன். "இல்லே துரை! படலே! சத்தியமாப் படலே! நான் கண்ணை மூடியிருந்தேன்!" தன் குண்டு மையத்தில் படவில்லை என்று சண்டை போட்ட ஒரே மனுஷன் மலாயாவில் நானாகத்தான் இருப்பேன். துரை என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் பள்ளத்தை நோக்கி ஓட ஆரம்பித்தேன். துப்பாக்கி கீழே வை, துப்பாக்கி கீழே வை என்று கூவிக்கொண்டு துரை பின்னால் ஓடிவந்தார், நான் அதைக் கையிலேயே கொண்டு போய்க்கொண்டிருந்ததால்.

இலக்குத் தாளைப் பார்த்தோம். வண்ணான் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

பாக் மாட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கெசியான் லா, துவான்" என்றார். பாவமாக இருந்ததாம். கோப்பை ஜெயித்த ஆள், பெரிய துரை பக்கத்தில் நின்று பார்க்கிறார், இப்படி மானம் போகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றாவது இருக்கட்டும் என்று தானாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த நல்ல மனுஷனைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தை நெரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

துரை அந்த வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கப்?" என்று கேட்டார்.

"பலாப் பிசின், துரை" என்றேன். முழுக் கதையையும் சொன்னேன், பூனை உட்பட.

அவர் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. கோப்பை அவர் மேசையில் இருக்கிறது. ஊரெல்லாம் விருந்து வைத்துச் சொல்லியாகிவிட்டது. கடைசியில் என் கையிலிருந்த துப்பாக்கியை ஜாக்கிரதையாக வாங்கிக்கொண்டார்.

"நீ அங்கே போனா பன்னி சாகாது. கிராணி சாகும். டவுன்லயே இரு. வாயை மூடு. இனிமே துப்பாக்கி தொடாதே."

ஐந்தாவது குண்டை நான் சுடவே இல்லை.

வீடு

மாடிப்படி ஏறும்போதே லூர்து கதவைத் திறந்துவிட்டாள். "என்னாச்சு?"

"எல்லாம் போச்சு. ஒண்ணுகூடப் படலே."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், வயிறு குலுங்கக் குலுங்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. "ரொம்பப் பயந்துபோயிருந்தேங்க" என்றாள். எனக்கும் பயம்தான், அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், அன்றுதான் சொன்னேன்.

எனக்குப் பதிலாக நிபோங் திபாலுக்கு ஆள் எடுக்க விளம்பரம் போட்டார்கள். வந்தவர் வேட்டைப் பிரியர். சந்தோஷமாகப் போனார்.

எங்கள் பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தது. தலை திரும்பாத பிள்ளை, கால் முதலில் வந்தது. டாக்டர் இரண்டு பேர், நர்ஸ் மூன்று பேர், உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வராந்தாவில் அமீது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவருடைய ஆண்டவனைக் கூப்பிட்டார், நான் என்னுடைய மாதாவைக் கூப்பிட்டேன். விடிந்த பிறகு டாக்டர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டே, தாயும் மகளும் பிழைத்தார்கள், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்திருந்தால் என்று நான் நினைப்பதே இல்லை. நினைக்கத் தொடங்கினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

அந்த மகள்தான் என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை வாரா வாரம் படியெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். நேற்று இதையும் எழுதிக்கொண்டு வந்தவள், பாக் மாட் வெள்ளைத் தட்டைத் தூக்கிய இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, அந்தத் துரை ஓடிவந்து பார்க்காம, அதை நம்பியிருந்தா?"

"சோறு ஆறுது, எழுந்திரும்மா" என்றேன்.